ஏழுமலையின் கை ஈரம்

போன மாதம், நான் வேலை பார்த்த நிலையத்திலிருந்து ஒரு இளைஞர் போன் செய்தார். சிறப்பு மலர் போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். "மேடம், அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவீங்களாமே, மிஷினுக்குப் பொட்டு வெச்சு சாம்பிராணி போடுவீங்களாமே, அதைப் பத்தி ஜாலியா ரெண்டு பக்கம் எழுதுங்க" என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. அந்த அறையில் நடந்தது இவர்களுக்கு ஜாலி. எழுதுகிறேன், ஆனால் ஜாலியாக வராது. அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், தம்பி.

என் பெயர் ஜைபுன்னிசா. பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்தது என்று வாப்பா பெருமை பேசுவார். எனக்கு விவரம் தெரிந்தபோது எங்களுக்கு இருந்தது ஒரு அரிசிக் கடைதான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததும் ஏரிக்கரையில் இருந்த அரசாங்க ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஏரித் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, இறால் எப்படிப் படுகிறது என்று தினமும் பதிவதுதான் அந்த நிலையத்தின் வேலை. எழுபதுகளின் கடைசியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் மெட்ராஸ் தலைமை அலுவலகம் புது கம்ப்யூட்டர் வாங்கியது. பழையதை எங்கள் தலையில் கட்டியது. என்னைச் சில வாரம் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். எதை அழுத்தினால் என்ன வரும் என்று ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தார், எழுதிக்கொண்டேன், பஸ் ஏறி வந்துவிட்டேன். பயிற்சி அவ்வளவுதான்.

அந்த மிஷின் வரும்போதே கிழடு. பச்சை எழுத்துத் திரை. உள்ளே எதையும் சேமித்து வைக்க இடம் கிடையாது. எல்லாம் ஃப்ளாப்பியில்தான். உங்களுக்காகச் சொல்கிறேன், ஃப்ளாப்பி என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, வளைகிற கறுப்பு அட்டை. காலையில் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டால்தான் மிஷினுக்கு உயிரே வரும். அதை சிஸ்டம் ஃப்ளாப்பி என்போம். கணக்குகள் வேறு ஃப்ளாப்பிகளில் இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு மிஷின் கெட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ரேடியோ நின்றதா, உப்புக் காற்று. மோட்டார் எரிந்ததா, உப்புக் காற்று. தையல் மிஷின் ஊசி உடைந்தால்கூட உப்புதான். பாதி நேரம் அது உண்மையும்கூட. திருகாணி மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஃப்ளாப்பி அலமாரிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க எப்போதும் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். மாதம் ஒருமுறை மிஷினைத் திறந்து, உள்ளே இருக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவற்றின் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகுவேன். ஸ்பிரிட் நனைத்த துணியால் டிரைவின் உள்ளே துடைப்பேன். மிஷின் ஓடியது இதனால்தான், சாம்பிராணியால் அல்ல.

சாம்பிராணி போட்டவர் எங்கள் நிலையப் பொறுப்பாளர் வரதராஜன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கத்துகிற மேலதிகாரியாக இருந்தால் நாமும் பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். இவரிடம் அது முடியாது. எது சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்பார். "பாத்துக்கலாம்மா" என்பார். பிறகு, அவர் முதலிலேயே நினைத்தபடிதான் நடக்கும். செருப்பை வெளியே விடு, கையைக் கழுவு, துடை, பேசாதே என்று கம்ப்யூட்டர் அறைக்கு அவர் வைத்த சட்டங்கள் பல. எல்லாம் நமக்கு. அவருக்கில்லை.

இனி ஏழுமலை. பசியாவரத்துப் பக்கத்துக்காரர். ஏரியில் இறங்கி இறாலையும் நண்டையும் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பம். எங்கள் நிலையத்தில் தினக்கூலிப் படகுக்காரர். விடிந்ததும் முகத்துவாரம் வரை போய்த் தண்ணீர் பிடித்து பாட்டில்களில் கொண்டுவருவார். வந்ததும் அறையைப் பெருக்கி, ஸ்டெபிலைசரைப் போட்டு, ஏசியைப் போட்டு, சிஸ்டம் ஃப்ளாப்பியைச் செருகி மிஷினை எழுப்பி வைப்பார். நான் போய் உட்காரும்போது தயாராக இருக்கும். சார் சொன்னாரே என்று அவரே ஒரு துண்டு வாங்கி, அறை வாசலில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். பல வருஷம் கூலியாகவே இருந்தவரை, நான் சொல்லப்போகிற அந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. ஒரு படகோட்டி இடம் வந்திருந்தது. சார் ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஏழுமலை அதை நம்பித்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்.

ஐப்பசி மழை பிடித்த சமயம் மிஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. டிரைவ் கடக் கடக்கென்று முட்டும். சின்னக் கணக்கைத் திறக்கக்கூட நேரம் எடுக்கும். சில ஃப்ளாப்பிகளில் இடம் கெட்டுவிட்டதாகக் காட்டும். ஒரு ஃப்ளாப்பியின் பெயரைக் கேட்டால் நாங்கள் வைத்த பெயர் வராது, சம்பந்தமே இல்லாமல் வேறு ஏதோ வரும். உப்பு எழுத்தைத் தின்றுவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சிரிக்காதீர்கள். பிறந்ததிலிருந்து உப்பைத் தவிர வேறு குற்றவாளியைப் பார்க்காத ஊர் இது.

உப்பு என்று முடிவு கட்டியதால் அதற்கான வைத்தியத்தையே இன்னும் அதிகமாகச் செய்தோம். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பற்கள் மெலிந்துபோயின. ஈரத்தில் ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று சாயங்காலம் ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் அப்படியே இன்னும் இரண்டில் நகல் எடுத்து வைக்கும் வழக்கம் எங்களுக்கு இருந்தது. அதையும் விடாமல் செய்தோம். நகல் எடுத்தவையும் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தன.

அப்போதுதான் சார் கண்டுபிடித்தார், எங்கிருந்து உப்பு வருகிறது என்று. ஒருநாள் ஏழுமலை மிஷினை எழுப்பும்போது பின்னால் வந்து நின்று பார்த்தாராம். என்னைக் கூப்பிட்டார். எப்போதும் ஏரித் தண்ணீரிலேயே கிடக்கிற கை, எவ்வளவு துடைத்தாலும் உப்பு போகாது, அதுதான் ஃப்ளாப்பிக்குள் இறங்குகிறது என்றார். நான் மறுத்துப் பேசினேன். அட்டையின் ஓரத்தைத்தான் பிடிக்கிறார், உள்ளே இருக்கிற தட்டில் கை படவே படாது என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை ஏழுமலையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். படகோட்டி இடத்துக்கு இவர் பொருத்தமில்லை என்று மெட்ராஸுக்கும் எழுதியாகிவிட்டது.

ஏழுமலை சண்டை போடவில்லை. என்னிடம் வந்து நின்றார்.

"மெய்யாலுமே என் கையாலதான் கெட்டுச்சாக்கா?"

இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்படியானால் எதனால் கெட்டது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் போய்விட்டார். துண்டு ஆணியிலேயே தொங்கியது.

எனக்குப் பயிற்சி கொடுத்த மெட்ராஸ் அம்மாள் பெயர் கமலா. தபாலாபீஸில் டிரங்க் கால் போட்டு அவரைப் பிடித்தேன். பெயர் மாறுகிறது, டிரைவ் முட்டுகிறது என்றதுமே அவர் கேட்டார், வெளி ஃப்ளாப்பி ஏதாவது போட்டீர்களா என்று. வைரஸ் என்ற சொல்லை கம்ப்யூட்டரோடு சேர்த்து நான் கேட்டது அன்றுதான். யாரோ விஷமக்காரன் எழுதின ஒரு சின்ன புரோகிராம் என்றார். அது ஃப்ளாப்பியின் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஃப்ளாப்பியை வைத்து மிஷினை எழுப்பினால் மிஷினின் நினைவுக்குள் ஏறிக்கொள்ளும். அதன்பின் எந்த ஃப்ளாப்பியைப் போட்டாலும் அதிலும் போய் உட்காரும். மெட்ராஸ் ஆபீஸிலும் இருந்ததாம், சுத்தம் செய்தார்களாம். எங்களுக்கு ஒரு வரி எழுதிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் குப்பையை வாங்கிக்கொள்ளத்தானே நாங்கள் இருக்கிறோம்!

வெளி ஃப்ளாப்பி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஜாதகம். சார் மெட்ராஸிலிருந்து ஒரு ஜாதக ஃப்ளாப்பி கொண்டுவந்திருந்தார். பிறந்த நேரத்தைக் கொடுத்தால் கட்டம் போட்டு அச்சடித்துத் தரும். யார் மேலே இருந்து வந்தாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜாதகம் போட்டுக் கொடுப்பார். அதைப் போட்டுத்தான் மிஷினை எழுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் மிஷினை அணைக்காமலே எங்கள் ஃப்ளாப்பியைப் போடுவார். கையைத் துடைத்துக்கொண்டுதான் போடுவார், அதில் குறையில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். ஃப்ளாப்பியின் ஓரத்தில் சின்னதாக ஒரு சதுர வெட்டு இருக்கும். அது திறந்திருந்தால்தான் மிஷின் அதில் எழுத முடியும். வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டி அதை மூடிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும், எந்த வைரஸும் உள்ளே ஏறாது. எங்கள் சிஸ்டம் ஃப்ளாப்பிகளுக்கெல்லாம் ஸ்டிக்கர் இருந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் பசை இளகி, ஒரு ஸ்டிக்கர் டிரைவுக்குள் கழன்று மாட்டிக்கொண்டது. இடுக்கியால் எடுத்தேன். அதோடு எல்லா ஸ்டிக்கரையும் உரித்துவிடச் சொன்னார் சார். உரித்தோம். உப்புக்குப் பயந்து ஈரத்துக்குப் பயந்து, எல்லாக் கதவையும் நாங்களே திறந்து வைத்திருக்கிறோம்.

கமலா சொன்ன வைத்தியம் இதுதான். நோய் பிடித்த ஃப்ளாப்பியால் எழுப்பிய மிஷினில் எதையும் சோதிக்கக் கூடாது, அது தன்னை மறைத்துக்கொள்ளும். சுத்தமான ஒரு ஃப்ளாப்பியால் எழுப்பவேண்டும். அதற்கு முன்னால் மின்சாரத்தையே நிறுத்தி மிஷின் நன்றாகச் செத்த பிறகுதான் திரும்பப் போடவேண்டும். எங்களிடம் சுத்தமானது ஒன்றே ஒன்று இருந்தது. மிஷினோடு வந்த ஒரிஜினல். கம்பெனிக்காரன் அதில் வெட்டே வைக்கவில்லை, யாரும் எழுதவே முடியாது. அது சாரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஒரிஜினல் கெட்டால் நான் பதில் சொல்லணும்மா என்று சாவியைத் தர இழுத்தடித்தார். இது கெடவே கெடாது என்று வெட்டில்லாத ஓரத்தைக் காட்டிக் காட்டி வாங்கினேன்.

எழுப்பினேன். டிரைவ் முட்டவில்லை. எத்தனையோ நாளாகக் கேட்காத அந்தச் சின்ன முனகல் சத்தம் கேட்டது. புது ஃப்ளாப்பிகளைத் தயார் செய்து கணக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினேன். ஃப்ளாப்பியை அப்படியே நகல் எடுத்தால் வைரஸும் கூடவே வந்துவிடும், அதனால் பழைய வழக்கத்துக்கு முழுக்குப் போட்டேன். எலெக்ட்ரிக் வேலைக்கு வைத்திருந்த கறுப்பு டேப்பை வெட்டி சிஸ்டம் ஃப்ளாப்பிகளின் சதுர வெட்டுகளை மூடினேன். பசை இளகுகிறதா, மாற்றினால் போகிறது. இளகியதும் உரித்துவிட்டு வேறு ஒட்டுவேன். சில கணக்குகள் போனது போனதுதான். மற்றதெல்லாம் பிழைத்தது. மிஷின் குதிரை போல ஓடியது.

சார் வந்து பார்த்தார். வைரஸ் என்று விளக்கிச் சொன்னேன், ஜாதக ஃப்ளாப்பியையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாத்தீங்களா, அந்தக் கையை எடுத்தோம், மிஷின் தானா சரியாயிடுத்து."

தானாகவா? வாரக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்தவள் நான். எனக்குப் பேர் வரவில்லை என்பதல்ல என் கோபம். நான் செய்த வைத்தியமே ஏழுமலை மேல் சாட்சியாகிவிட்டது. அவர் போனார், மிஷின் பிழைத்தது. இதைவிட என்ன ருசு வேண்டும் ஊருக்கு? படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். மீன் ஏலத்தில் பேசிக்கொண்டார்கள். ஏழுமலை கை பட்டால் மிஷின் நிற்கும் என்று ஒருவர் தன் படகு மோட்டாரைத் தொடவிடவில்லையாம்.

நான் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளில் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கம்ப்யூட்டர் அறைக்கு வந்ததும், ஒரு சோதனை காட்ட அனுமதி கேட்டேன். வாசலில் தொங்கிய ஏழுமலையின் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நல்லா துடைச்சுக்கிட்டு நீங்களே போடுங்க சார். நான் எதையும் தொடலை."

அவருக்கு வேடிக்கையாக இருந்தது, துடைத்துக்கொண்டார். முதலில் ஒரிஜினலைப் போட்டு மிஷினை எழுப்பச் சொன்னேன். இரண்டு புது ஃப்ளாப்பிகளுக்கு ஏரி என்று நான் இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்து, ஒன்றுக்கு மட்டும் டேப் ஒட்டியிருந்தேன். அந்தப் பெயர் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வந்தது. மிஷினை நிறுத்தச் சொன்னேன். பிறகு ஜாதக ஃப்ளாப்பியால் எழுப்பச் சொன்னேன். டேப் ஒட்டாத ஃப்ளாப்பியைப் போட்டார், டிரைவ் கடக் கடக்கென்று முட்டியது, பெயரைக் கேட்டார். ஏரி இல்லை. அந்தச் சம்பந்தமில்லாத பெயர் பச்சையாக நின்றது. டேப் ஒட்டியதைப் போட்டார், ஏரி அப்படியே இருந்தது. காய்ந்த கை, சார், மெட்ராஸ் கை, இப்போதும் ஏன் கெட்டது என்று கேட்டேன். ஏழுமலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

வரதராஜன் சார் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஜாதக ஃப்ளாப்பியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை வந்தபோது அவர் பெண்ணுக்கு ஜாதகம் அச்சடித்தது அதில்தான்.

கடைசியில் அதிகாரி, ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறது என்றார். இந்த ஃப்ளாப்பியை உடனே அழித்துவிடச் சொன்னார். சார் கத்தரிக்கோல் எடுத்துத் தன் கையாலேயே அதைத் துண்டு துண்டாக வெட்டினார். நான் ஏழுமலை பெயரைத் திரும்பவும் சொன்னேன்.

"அந்த போஸ்ட்டைத்தான் சரண்டர் பண்ணிட்டோமேம்மா. இப்ப இடம் ஏது?" என்றார் அதிகாரி.

ஆள் பொருத்தமில்லை என்று எழுதினார்கள். பொருத்தமான ஆள் இல்லையென்று இடத்தையே ஒப்படைத்தார்கள். இடமில்லையென்று ஆளை எடுக்கவில்லை. நல்லா இருக்கிறது நியாயம்! தண்டனை அனுபவித்தது ஒரு அட்டை. அதற்கப்புறம் நானும் மனு மேல் மனு போட்டேன், பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் கேட்டேன், அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். வரதராஜன் சார் பதவி உயர்வில் மெட்ராஸ் போனார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் அவர் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசவில்லை. பேசினால் அசிங்கமாகியிருக்கும்.

அந்தச் சோதனை நடந்த வாரமே படகு பிடித்துப் பசியாவரம் போனேன். ஏழுமலை இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிடிக்கிற இறாலைப் போட ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் தடவுவார்கள், இரண்டு கையும் வேண்டுமே. என்னைப் பார்த்ததும் பறியை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் கையால் இல்லை, அதிகாரி காய்ந்த கையால் போட்டும் கெட்டது, நானே செய்து காட்டினேன் என்றேன். கவனமாகக் கேட்டார். தங்கச்சி கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு வேறு வழியில் தெரியும்.

"நீ சொல்ற, சரிக்கா. ஆனா நான் வெளிய வந்தப்புறந்தானே மிஷின் நல்லாச்சு?"

நல்லாக்கியது நான், ஏழுமலை. நான்தான். அதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்லிவிட்டேன், அன்றைக்கும் சொன்னேன், இத்தனை வருஷமாகவும் சொல்கிறேன்.

அந்த மிஷினை அதற்குப் பின்னும் பல வருஷம் நான் ஓட்டினேன். தலைமை அலுவலகத்தில் அதன் ஜோடி மிஷின்களெல்லாம் பழைய இரும்புக்குப் போன பிறகும் என்னுடையது ஓடியது. பெருமைக்காக இல்லை. அது ஒருநாள் நின்றால், இன்னொரு கூலிக்காரன் கையைப் பிடித்துப் பார்ப்பார்களே என்ற பயம்தான். இதையும் உங்கள் மலரில் போடுங்கள், தம்பி.

ஏழுமலைக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. நல்ல இறால் கிடைத்தால் எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். என் வீட்டு வாசலில் காலிங் பெல் இருக்கிறது. அவர் அதை ஒருநாளும் அடித்ததில்லை. வெயிலானாலும் மழையானாலும் தெருவில் நின்று, யக்கா, யக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அடுப்படியில் இருக்கும் எனக்குக் காதில் விழ நேரமாகும். ஓடிப்போய், பெல்லை அடிப்பதற்கென்ன என்று ஒவ்வொரு தடவையும் திட்டுகிறேன். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொள்கிறார்.

"கை ஈரமா கீதுக்கா."